கட்டெறும்புக்கு வெச்ச பொட்டு

கையப் பாத்து மெரளாதீங்க தம்பி, ரத்தமெல்லாம் இல்லீங்க. குங்குமம். சந்தனத்துல கொழச்சு வெச்சனுங்களா, சோப்புப் போட்டும் போகமாட்டேங்குது. உக்காருங்க, உக்காருங்க. பையை அப்படிக் காலுக்கடியில தள்ளிக்குங்க. எது வரைக்கும் போறீங்க? அன்னூருங்களா, சரி. நான் புளியம்பட்டி.

கோயமுத்தூருக்கு எதுக்கு வந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க. ரோபோ போட்டிக்குங்க. நான் கோச்சு. என்னையப் பாத்தா அப்படித் தெரியலீல்ல? எனக்கே தெரியலீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க. நான் பி.டி. மாஸ்டர். காலம் பூரா விசில் ஊதுன வாயி இது. என்ற கோ-கோ டீம் எறங்குனா எதுத்தாப்புல நிக்கறவனுக்குக் கால் நடுங்கும். அதெல்லாம் ஒரு காலம். இப்ப பொம்மை ஓட்டற காலம்.

எங்க கரஸ்பாண்டண்ட் நாச்சிமுத்து ஐயா இருக்கறாரே, அவரு மொதல்ல ரைஸ் மில் வெச்சிருந்தவரு. பொறவு பள்ளிக்கூடம் வெச்சாரு. ரெண்டுலயும் மூட்டை எண்ணறதுதான் வேலைன்னு நெனச்சுட்டாரு. கிரவுண்டுல பாதிய வேன் நிறுத்தறதுக்குன்னு எடுத்தாரு. மீதியில கட்டடம் எழுப்பிட்டாரு. நான் கோ-கோ கம்பம் நட்ட எடத்துல இப்ப ஜெனரேட்டர் நிக்குது, புகையக் கக்கிட்டு.

அப்பறம் ஒரு நா என்னையக் கூப்பிட்டாரு. "மாஸ்டர், இனி கிரவுண்டு இல்ல, நீங்களும் சும்மா உக்காந்திருக்கறீங்க. ரோபோடிக்ஸ் ஆரம்பிக்கறோம், நீங்களே கோச்சா இருந்துக்குங்க"ன்னாரு. "ஐயா, எனக்கு அதுல அரிச்சுவடியே தெரியாதுங்க"ன்னேன். "கோச்சுன்னா கோச்சுதானுங்க. பசங்கள ஓட வெச்சீங்க, இப்பப் பொம்மைய ஓட வெக்கப் போறீங்க, அவ்வளவுதான வித்தியாசம்"னாரு. பிசிக்ஸ் டீச்சர் ஒரு அம்மா இருக்கறாங்க. பத்தாவது போர்ஷன் முடிக்கோணும்னு சொல்லி அவங்க நைசாக் கழண்டுக்கிட்டாங்க. படிச்சவங்க இல்லீங்களா, கழண்டுக்கத் தெரியும்.

டீமுன்னா எட்டாவதுல ரெண்டு பசங்க, ஒரு பொட்டப்புள்ள. பசங்க ரெண்டும் ஸ்குரூ முடுக்கறதோட சரி, மத்த நேரம் தீனி. எல்லாமே அந்தப் புள்ள கோபிகாதான். அவங்கப்பன் மில்லு பஸ் ஓட்டறாரு. வாய் பேசாத புள்ள. ஆனா பிடிவாதம்னா அப்பேர்ப்பட்ட பிடிவாதம். ஒறம்பரை, சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக்கூடப் போகாம ரோபோ ரூமுக்குள்ளயே கெடந்துச்சு. கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டும், பொம்மையத் தரையில உடும், அது முட்டிக்கும், மறுபடி தட்டும். நாலு மாசம் இதே பொழப்பு. படிக்கற புள்ளைக்கு இது ஆகுமுங்களா?

பொம்மை செருப்பு டப்பா அளவுதான் இருக்கும். கறுப்பு. அதுக்குக் கட்டெறும்புன்னு பேரு வெச்சிருந்துச்சு. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா புயல், வேங்கைன்னு ஏதாச்சும் சொல்லியிருப்பேன். போட்டிக்குப் போறது எறும்பாம்! கேட்டா, "அது கோட்டுலயே போகும் சார், எறும்பு மாதிரி"ங்குது.

ஆட்டம் என்னன்னு சொல்றேன் கேளுங்க. மேசை மேல பெரிய பேனர் மாதிரி விரிச்சிருப்பாங்க. அதுல ஒரு கறுப்புக் கோடு. பொம்மை அந்தக் கோட்டு மேலயே போகோணும். செகப்புக் கட்டம் வந்தா நின்னு, முதுகுல இருக்கற கட்டைய எறக்கிப் போட்டுட்டுத் திரும்பி வரோணும். அவ்வளவேதான். எங்க ஊட்டு எருமை இதைப் பழக்காமயே செய்யும்.

கோட்டைப் பாக்கறதுக்கு அதோட வயித்துக்கடியில ஒரு கண்ணு இருக்குதுங்க. சுண்டுவிரல் நகத்தளவு. சென்சாருன்னு அதுக்குப் பேரு. "செகப்பு தெரிஞ்சா நின்னுரும் சார், அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது"ன்னு கோபிகா எனக்குப் பாடம் எடுக்கும். செகப்பைப் பாத்தா நிக்கோணும்னு எனக்குத் தெரியாதாக்கும்? காந்திபுரம் சிக்னல்ல நான் எத்தனை தடவை நின்னிருக்கறேன்.

நான் என்ற முறைல பழக்குனேன். காத்தால வந்ததும் வராண்டாவுல நாலு சுத்து ஓட்டம். அப்பறம் லைன்ல நிக்கோணும். விசில் அடிச்சாத்தான் பொம்மையத் தொடோணும். "சார், இதுக்கு எதுக்கு சார் ஓட்டம்?"னு பசங்க மொணங்கும். ஒடம்பு வளையாதவனுக்கு எது வளையும்? போட்டிக்கு முந்துன ரெண்டு நாளு பொம்மைய எடுத்து என்ற பீரோவுல, குண்டு, வட்டு எல்லாம் வெச்சிருக்கறனே, அங்க வெச்சுப் பூட்டிட்டேன். ஆட்டத்துக்கு முன்னாடி ஆட்டக்காரனுக்கு ஓய்வு குடுக்கோணும். இது சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். அந்தப் புள்ள பீரோ முன்னாடி வந்து நின்னுட்டு, "ஒரே ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுத் தந்தர்றேன் சார்"னு கெஞ்சுச்சு. சாவி இடுப்புலதான் இருந்துச்சு. குடுக்கலீங்க. கண்டிப்புன்னா கண்டிப்பா இருக்கோணும்.

நேத்து சாயந்தரம் நாச்சிமுத்து ஐயா ரோபோ ரூமுக்கே வந்துட்டாரு. புள்ளைங்க மூணும் நிக்குது. "மாஸ்டர், இதுல ஜெயிச்சு ஸ்டேட் போட்டிக்குப் போகலீன்னா, வர்ற வருசம் நீங்க வேற எடம் பாத்துக்கறதுதான் உங்களுக்கு மரியாதை"ன்னாரு. சிரிச்சுட்டே சொன்னாருங்க. காறித் துப்பறவனக்கூட நம்பலாம், சிரிச்சுட்டே சொல்றவன நம்பக் கூடாது. அம்பது தாண்டுன பி.டி. மாஸ்டரை எந்தப் பள்ளிக்கூடத்துல தம்பி எடுப்பாங்க? எல்லா எடத்துலயும் ஜெனரேட்டர்தான் நிக்குது. நேத்து எனக்குச் சோறு எறங்கலீங்க. என்ற சம்சாரம்கூட என்னாச்சுன்னு கேட்டா, ஒண்ணுமில்லைன்னுட்டேன். அவரு சொல்றப்ப கோபிகா என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சு. "என்ன வேடிக்கை? போயி கட்டைய எடுத்து வெய்யி"ன்னு தொரத்தி உட்டேன். பெரியவங்க பேசற எடத்துல புள்ளைங்களுக்கு என்ன வேலை?

சரி, இன்னைக்குக் கதைக்கு வாரேன். காத்தால கெளம்பறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துப் பிள்ளையார் முன்னாடி வெச்சுப் பூசை போட்டேன். புது வண்டின்னா போடறமுல்ல? இதுவும் வண்டிதான. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சங்காய் வெச்சு ஓட்டுன்னேன். அந்தச் சனியன் நசுக்கறதுக்குப் பதிலா எலுமிச்சங்காய் மேல ஏறி மல்லாக்கக் கவுந்துருச்சு. பசங்க ரெண்டும் உழுந்து உழுந்து சிரிக்குது. வேன் டிரைவரும் சிரிக்கறான். நானே செருப்புக் கால்ல மிதிச்சு நசுக்கிட்டேன். கவுந்து கெடந்ததும் நல்லதாப் போச்சுன்னு, வயித்துல கண்ணு தெரிஞ்சுதுல்ல, அதுலயே சந்தனம் வெச்சு, மேல குங்குமம் வெச்சேன். புள்ளைங்க அப்ப வேன்ல எடம் புடிக்க ஓடிருச்சுங்க.

அங்க போனா, அட சாமி. ஏசி ஹாலு. கோயமுத்தூருப் பெரிய பள்ளிக்கூடத்துப் பசங்கெல்லாம் ஒரே மாதிரி டீசர்ட்டு. வாயத் தொறந்தா இங்கிலீசு. அவனுங்க கோச்சு ஒருத்தன், மீசையே ஒழுங்கா மொளைக்கல, கூலிங் கிளாஸைத் தலை மேல மாட்டிட்டுத் திரியறான். கண்ணாடி கண்ணுக்கா மண்டைக்கா? நான் வெள்ளை பேண்டு, வெள்ளை ஷூ, கழுத்துல விசில். என்னையப் பாத்து அவன் சிரிச்சான். சிரிக்கட்டும்.

மைக்குல ஒரு அம்மா வெதிமுறை சொன்னாங்க. அவங்கதான் ஜட்ஜ். டீச்சருங்க யாரும் பொம்மையத் தொடக் கூடாதாம். சுத்திக் கட்டுன கயித்துக்கு இந்தப் பக்கமே நிக்கோணுமாம். தொட்டா அந்தப் பள்ளிக்கூடத்தையே வெளிய அனுப்பிட்டு, நிர்வாகத்துக்கு அந்த டீச்சர் பேரைப் போட்டு எழுதிருவாங்களாம். எப்படி இருக்குது பாருங்க! கோச்சைக் கயித்துக்கு வெளிய நிக்க வெச்சுட்டு என்னய்யா போட்டி? மாட்டுச் சந்தையிலகூட மாட்டுக்காரன் கயித்தப் புடிச்சுட்டுத்தான நிக்கறான்.

மொதல்ல ஒத்திகை ஓட்டம். அதுக்கு மார்க் இல்ல. கட்டெறும்பை வெச்சாங்க, பட்டனை அமுக்குனாங்க. கீய்ங்குனு ஒரு சத்தம். ஒரு அடிகூட நகரலீங்க. நின்ன எடத்துலயே முதுகுல இருந்த கட்டையப் பொட்டுனு போட்டுட்டுச் சும்மா நிக்குது. கூலிங் கிளாஸ்காரன் சிரிக்கறான். எனக்கு மானம் போச்சு. "என்ன புள்ள பண்ணி வெச்சிருக்கற?"ன்னு அங்கிருந்தே சத்தம் போட்டேன். அது பொம்மையத் திருப்பிப் பாத்துச்சு. கர்ச்சீப்ப எடுத்துத் தண்ணியில நனைச்சு அழுத்தித் தொடைச்சுச்சு. கர்ச்சீப்பெல்லாம் செகப்பு. கயித்துக்கிட்ட வந்து, "சார், கண்ணுல எதுவும் படக் கூடாது சார். எங்க பாத்தாலும் செகப்பாத் தெரிஞ்சா, கட்டம் வந்துருச்சுன்னு நின்னுரும் சார்"னு மெதுவாச் சொல்லுச்சு.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நாலு மாசம் தட்டுன கம்ப்யூட்டர் மேல தப்பு இல்லையாம், பிள்ளையார் குங்குமத்து மேல தப்பாம்! சாமி பொட்டு வெச்சு எங்காச்சும் கெட்டுப் போனதுண்டா? லாரி ஓடலையா? கதிர் அடிக்கற மிசின் ஓடலையா? சரி, போய் ஆடுன்னு அனுப்பி வெச்சேன். போட்டி நேரத்துல ஆட்டக்காரனைத் திட்டக் கூடாது.

பொறவு மொதல் சுத்து. தம்பி, பொய் சொல்லக் கூடாது, அப்ப ஓடுச்சு பாருங்க! கோட்டை உட்டு இம்மி நகரலீங்க. வளைவுல அப்படியே இடுப்பை ஒடிச்சு வளைஞ்சுது, என்ற பழைய கோ-கோ பசங்க கம்பத்தைச் சுத்தற மாதிரி. செகப்புக் கட்டத்துல கட்டைய வெச்சுட்டுத் திரும்புச்சு. ஹாலே கை தட்டுது. கூலிங் கிளாஸ்காரனும் தட்டறான். போர்டுல எங்க பள்ளிக்கூடத்துப் பேரு மொதல்ல வந்துருச்சு. எல்லாம் நான் போட்ட சத்தம் பண்ணுன வேலை. அதட்டுனாத்தான் புள்ளைங்களுக்கு வேலை ஓடும். கோபிகா என்னையப் பாத்துச் சிரிச்சுது. அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

அதுலதான் பயமே வந்துச்சு. மத்தியானத்துக்கு மேல கடைசிச் சுத்து. அதுலயும் இதே மாதிரி ஓடுனா ஸ்டேட்டு, என்ற வேலையும் நிக்கும். ஆனா அத்தனை பேரு கண்ணும் அந்தப் பொம்மை மேல. வந்து வந்து பாக்கறானுங்க, போட்டோ எடுக்கறானுங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. பொட்டை வேற அந்தப் புள்ள தொடைச்சுப் போட்டுருச்சு. எனக்கு மனசு கேக்கல.

சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாப் பொம்மையையும் ஒரு மேசை மேல வரிசையா வாங்கி வெச்சுட்டாங்க. இனிப் புள்ளைங்களும் தொடக் கூடாது, நேரா மேடையிலதான் எடுக்கோணும். காவலுக்கு ஒரு காலேஜ் பையன், போன்ல மூழ்கிக் கெடந்தான். நான் நேரா உள்ள போனேன். நிமிந்து என்ற விசிலைப் பாத்தான், "வாங்க சார்"னு சொல்லிட்டு மறுபடி போனுக்குள்ள போயிட்டான். விசிலுக்கு இன்னும் அந்த மரியாதை இருக்குதுங்க. கட்டெறும்பைத் திருப்பி, இந்தத் தடவை யாரும் லேசுல அழிக்க முடியாத மாதிரி பாக்கெட்டுல பொட்டலமா வெச்சிருந்த பூசைச் சந்தனத்தை நல்லா அப்பி, மேல குங்குமத்தை அழுத்தி வெச்சேன். அதே கண்ணுலதான். பழையபடி சக்கரத்து மேல நிறுத்திட்டா யாருக்குத் தெரியப் போகுது? பிள்ளையாரப்பா, என்ற பொழப்பைப் பாத்துக்கன்னு கும்புட்டுட்டு வந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

கடைசிச் சுத்து. நாச்சிமுத்து ஐயா கார்ல வந்து எறங்கிட்டாரு, மொத வரிசையில கால் மேல கால் போட்டு உக்காந்துட்டாரு. பட்டனை அமுக்குனாங்க. கீய்ங். பொட்டுனு கட்டையப் போட்டுச்சு. நின்னுருச்சு.

பாத்தீங்களா தம்பி? காத்தால பண்ணுன அதே தப்பு! அந்தப் புள்ள சரி பண்ணவே இல்ல. ஆட்டத்துல ஒரு தடவை உழுந்தவன் அதே எடத்துல ரெண்டாவது தடவை உழுந்தா, அவனை என்ன சொல்றது?

ஜட்ஜம்மா பொம்மைய எடுத்துத் திருப்பிப் பாத்தாங்க. வெரல் வெச்சாங்க, செகப்பு ஒட்டுச்சு. "மேசையில வெச்சதுக்கப்பறம் இதை யாரு தொட்டது?"ன்னாங்க. "டீச்சர் யாராவது தொட்டாங்களா?"ன்னு கேட்டுட்டுக் கயித்துப் பக்கம் பாத்தாங்க. கோபிகாவும் பாத்துச்சு. என்ற மூஞ்சியப் பாத்துச்சு, அப்பறம் கையப் பாத்துச்சு. நான் கையப் பேண்டுப் பாக்கெட்டுக்குள்ள உட்டுக்கிட்டேன். ஏசி ஹாலு பாருங்க, குளுரு.

"நான்தான் மேடம். சாமி கும்புட்டு நான்தான் வெச்சேன். எங்க சார் இல்ல"ன்னுச்சு.

எப்படி! ஒரு படிச்ச அம்மா நிக்கறாங்க, நானூறு பேரு பாக்கறாங்க, கூசாமப் பொய்யி. நான் சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். ஆனா புள்ள பேசிட்டு இருக்கறப்பப் பெரியவங்க குறுக்க பேசுனா அப்பறம் அதுக்குத் தைரியம் எப்படி வரும்? ஜட்ஜம்மாவும் என்னைய ஒண்ணும் கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன். புள்ளைங்க தொட்டிருந்தா பள்ளிக்கூடத்தை வெளிய அனுப்ப மாட்டாங்களாம், அந்தச் சுத்துக்கு மட்டும் மார்க் இல்லையாம். அத்தோட முடிஞ்சுது. ஸ்டேட்டுக்குக் கூலிங் கிளாஸ்காரன் போறான்.

வெளிய வந்ததும் நாச்சிமுத்து ஐயா, "ஏம்மா, உனக்கு அறிவு இருக்குதா? எதுக்கு அதை வெச்ச?"ன்னு கத்துனாரு. அப்பவும், "தெரியாம வெச்சுட்டனுங்க ஐயா. சார் வெக்க வேண்டாம்னுதான் சொன்னாருங்க"ங்குது. ஒரு பொய்ய மறைக்க இன்னொரு பொய்யி! பசங்க ரெண்டும் தரையப் பாத்துட்டு நிக்குதுங்க. அதுல ஒரு தீனிப் பையன் கண்ணுல தண்ணி வேற.

ஐயா என்ற பக்கம் திரும்புனாரு. "மாஸ்டர், நீங்க சொல்லியும் கேக்கலீன்னா நீங்க என்ன பண்ணுவீங்க. வர்ற வருசமும் நீங்களே இருந்து, இன்னும் கொஞ்சம் கண்டிப்பாப் பாத்துக்குங்க. இந்தப் புள்ளைய டீம்ல இருந்து எடுத்தரலாமா?"ன்னாரு.

பெரியவரு கேக்கறாரு. நான் என்னங்க சொல்றது? "எடுத்தரலாமுங்க ஐயா. பொய் பேசற புள்ள"ன்னுட்டேன். பொய் சொல்றது எனக்குப் புடிக்காதுங்க தம்பி. அன்னிக்கிருந்தே அப்படித்தான்.

அழுவும்னு பாத்தேன். அழுவல. "கட்டெறும்பை இனி யாரு சார் பாத்துக்குவாங்க?"ன்னு கேட்டுச்சு. "பீரோவுல இருக்கும், அதுக்கென்ன பாலா ஊத்தோணும்?"னேன். "அதோட கண்ணை மட்டும் ஈரத்துணியில தொடச்சு வெச்சிருங்க சார்"னுச்சு. டீம உட்டுப் போறப்பவும் எனக்குப் புத்தி சொல்லுது பாருங்க!

வேன்ல ஏறுனேன். அது வரைக்கும் என்னமோ பேசிட்டு இருந்துச்சுங்க, நான் காலை வெச்சதும் எல்லாம் வாயை மூடிக்கிச்சு. கோபிகா மட்டும் எந்திரிச்சு, "சார், நீங்க முன்னாடி ஜன்னலோரம் உக்காருங்க சார், காத்து வரும்"னு அதோட எடத்தைக் குடுத்துச்சு. காந்திபுரத்துல எனக்கு ஒரு வேலை இருக்குது, நீங்க போங்கன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. என்னமோ, அந்த எடத்துல உக்காரப் புடிக்கல. நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுச்சு. தயிர்சாதம் புளிச்சிருந்துச்சுன்னு நெனக்கறேன்.

என்னங்க, அன்னூர் வந்துருச்சா? எறங்கறீங்களா? இருங்க, இருங்க. பாக்கெட்டுல மீதிக் குங்குமம் இருக்குது, பிள்ளையார் கோயில் குங்குமம். நெத்தியக் காட்டுங்க, வெச்சு உடறேன். பஸ் குலுங்குது, கண்ணை நல்லா இறுக்கி மூடிக்குங்க தம்பி. கண்ணுல உழுந்துட்டா அப்பறம் ஒண்ணும் தெரியாது.